வேவ் மேக்கரை கன்ட்ரோலரில் மாட்டும் முன்பு கொஞ்சம் படிச்சிடுங்க

போன வாரம் என் உப்புத்தண்ணி தொட்டியின் படத்தைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் சுகர், பிரஷர் கேள்விகளை விட மீன் கேள்விகள்தான் அதிகம். அதிலும் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி.

"டாக்டர், கன்ட்ரோலர் வாங்கிட்டேன். வேவ் மேக்கரை அதுல எப்படி கனெக்ட் பண்றது?"

தனித்தனியா பதில் எழுதி மாளவில்லை. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மீன் வளர்க்காதவர்களும் படிக்கலாம், நடுவில் இதயம் வருகிறது.

அதற்கு முன் ஒரு விஷயம். என்னுடையது மீன் மட்டும் உள்ள கடல் தொட்டி. பவளம் கிடையாது. நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் 2001லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. கடல் குதிரையும் அப்படித்தான். ஆகவே "லைவ் ராக் எங்க டாக்டர் கிடைக்கும்?" என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். என் தொட்டியில் இருப்பது செராமிக் பாறை. மீன்கள் பண்ணையில் பிறந்த கோமாளி மீன்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்த மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கடலில் போய்ப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வேவ் மேக்கர் எதற்கு? அலை அடித்தால் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்கா?

இல்லை. மூச்சுக்கு.

நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் வெக்கையில் 28 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் கடல் நீரில் எவ்வளவு கரையும் தெரியுமா? ஆறு, ஆறரை மில்லிகிராம். அவ்வளவுதான். நமக்குக் கிடைப்பதில் நாற்பதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீன் பிழைக்கிறது. தண்ணீர் சூடாக ஆக, உப்பு கூடக் கூட, இதுவும் குறையும்.

அந்த ஆக்சிஜன் உள்ளே வருவது பெரும்பாலும் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான். தண்ணீர் அசையாமல் நின்றால் மேலே இருக்கும் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் ஆக்சிஜனோடு இருக்கும், கீழே இருப்பது தானாக மேலே வராது. அதைப் புரட்டிப் போட ஒருவர் வேண்டும். அவர்தான் வேவ் மேக்கர்.

நம் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். ஓய்வில் இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் தள்ளுகிறது, மணிக்கு 300 லிட்டர். அதாவது மொத்த ரத்தமும் ஒரு மணி நேரத்தில் அறுபது சுற்று சுற்றுகிறது. கடல் தொட்டிக்கு, மொத்தத் தண்ணீரைப் போல மணிக்கு இருபது மடங்காவது நகர வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் கைக்கணக்கு. என் 200 லிட்டர் தொட்டியில் மணிக்கு 4000 லிட்டர் தள்ளக்கூடிய பம்ப் இரண்டு இருக்கின்றன. பாதி வேகத்தில் ஓடினாலே கணக்கு சரியாக வந்துவிடும்.

இப்போது கனெக்‌ஷன்.

பலரும் குழம்புவது இங்கேதான். இன்றைய வேவ் மேக்கர்கள் பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி. பம்ப்கள் (சின்னது என்றால் 12 வோல்ட்). பம்புக்கு ஒரு அடாப்டர், நடுவில் ஒரு சின்ன டிரைவர் பெட்டி. அந்தப் பெட்டியில் வேகம் கூட்ட, குறைக்க, அலை மாதிரி மாற்ற பட்டன்கள். கன்ட்ரோலரில் இருந்து வரும் கேபிள் இந்த டிரைவர் பெட்டிக்குத்தான் போகும். அது பம்புக்குக் கரண்ட் கொடுப்பதில்லை, உத்தரவு மட்டும் கொடுக்கிறது. 0 முதல் 10 வோல்ட் வரையிலான ஒரு சிக்னல். 5 வோல்ட் வந்தால் பாதி வேகம், 10 வந்தால் முழு வேகம்.

ரத்தக் குழாய் வேறு, நரம்பு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டர் வயர் ரத்தக் குழாய், 0-10 வோல்ட் கேபிள் நரம்பு.

அபெக்ஸ் மாதிரி கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு வி1-வி2 என்று எழுதிய ஓட்டை இருக்கும். அச்சு அசல் இன்டர்நெட் கேபிள் மாட்டும் ஓட்டை மாதிரியே இருக்கும். ஆனால் அது நெட்வொர்க் போர்ட் இல்லை. ஒரே ஓட்டையில் இரண்டு சானல் வருகிறது, இரண்டு பம்புக்கு ஒரு கேபிள் போதும். தயவு செய்து அதையும் ரவுட்டரையும் ஒரு கேபிளால் இணைத்துவிடாதீர்கள்.

பம்புக்குப் பம்ப் பிளக் மாறும். டுன்ஸே பம்புக்கு ஐந்து முள் கேபிள். ஜெபாவோவில் சில மாடல்கள் மட்டும் 0-10 வோல்ட் சிக்னலை ஏற்கும், வாங்கும் முன் மாடல் நம்பரைப் பார்த்துக்கொள்ளுங்கள். வோர்டெக் இந்த வயர் வழிக்கே வராது. பழைய மாடல்களை அபெக்ஸோடு பேச வைக்க டபிள்யூ.எக்ஸ்.எம். என்ற ரேடியோ மாட்யூல் தனியாக வேண்டும்.

இம்போர்ட் விலையைப் பார்த்து ராஸ்பெர்ரி பையில் தாங்களே கன்ட்ரோலர் செய்கிறவர்களும் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள். ரீஃப்-பை என்ற திறந்த மூல மென்பொருள் நன்றாகவே வேலை செய்கிறது. உங்களுக்கு மூன்று வார்த்தை. போர்டில் இருந்து வருவது 3.3 வோல்ட் பி.டபிள்யூ.எம்., அதை 0-10 ஆக மாற்றும் குட்டி போர்டு நடுவில் கட்டாயம் வேண்டும். கன்ட்ரோலரின் கிரவுண்டும் பம்ப் டிரைவரின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பம்ப் பேய் பிடித்த மாதிரி ஏறி இறங்கும். பம்பை மாட்டும் முன் மல்டிமீட்டரை வைத்து, 50 சதவீதம் என்று போட்டால் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். 10 வோல்ட் பின்பக்கமாகத் திரும்பி வந்தால் போர்டு அன்றோடு காலி.

இன்னொன்று. 10 சதவீதம் என்று போட்டால் பம்ப் 10 சதவீத வேகத்தில் ஓடும் என்று நம்பாதீர்கள். பல பம்ப்கள் ஒரு குறைந்தபட்ச வோல்டேஜுக்குக் கீழே சுற்றவே சுற்றாது. கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றி, எந்த இடத்தில் சுற்ற ஆரம்பிக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் மேலேயே உங்கள் கீழ் எல்லையை வையுங்கள். நாலு மாதம் கழித்து உள்ளே சுண்ணாம்பு படிந்தால் அந்த எல்லையும் மேலே போகும். அப்போது கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும்.

கனெக்‌ஷன் இவ்வளவுதான். யூடியூபில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நான் இவ்வளவு தூரம் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

என் நண்பர் ஒருவர் மயக்க மருத்துவர். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவருடைய அம்மாவுக்கு மூன்று வருடம் முன்பு பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது புரியும், பதில் சொல்ல வார்த்தை வராது. நாள் முழுவதும் படுக்கை. அம்மா பார்ப்பதற்கென்றே கட்டில் பக்கத்தில் ஒரு கடல் தொட்டி வைத்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. கன்ட்ரோலர், இரண்டு வேவ் மேக்கர், ரிட்டர்ன் பம்ப், ஹீட்டர், லைட் என்று எல்லாமே கன்ட்ரோலர் வழியாக. போனில் ஆப். இரவில் கடல் அமைதியாக இருக்கும் என்று வேவ் மேக்கரை 15 சதவீதத்துக்கு இறக்கும் புரோகிராம்.

ஒரு இரவு அவர் எமர்ஜென்சி டியூட்டியில் இருந்தார். கன்ட்ரோலர் ஹேங் ஆகிவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. சிக்னல் பூஜ்யம். பூஜ்யம் என்றால் நில் என்று அர்த்தம், இரண்டு பம்பும் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுவிட்டன. ரிட்டர்ன் பம்பும் நின்றது. போனில் அலாரம் வரவில்லை. அலாரம் அனுப்ப வேண்டியதும் அதே கன்ட்ரோலர்தானே!

நீல நிற இரவு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்திருக்கிறார். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டியிருக்கிறார். கவனித்துக்கொள்ளும் பெண் எழுந்து வந்து, திரும்பிப் படுக்க வேண்டுமாக்கும் என்று திருப்பிப் படுக்க வைத்திருக்கிறார். மறுபடியும் தட்டல். டயப்பர் மாற்றியிருக்கிறார். மறுபடியும் தட்டல். தண்ணீர் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, மூன்று தடவையும் எழுந்து வந்திருக்கிறார்.

காலை எட்டு மணிக்கு நண்பர் வீட்டுக்கு வந்தபோது ஏழு மீனில் ஐந்து போய்விட்டது. அம்மா அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை.

இப்போது இதயத்துக்கு வருவோம்.

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு வேண்டுமா? நிறையப் பேர் வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். தேவையில்லை.

இதய மாற்று அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1994ல் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழு முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தது. தானமாக வந்த இதயத்தின் ரத்தக் குழாய்களைத் தைப்பார்கள். நரம்புகளைத் தைப்பதில்லை. மூளைக்கும் அந்த இதயத்துக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் அது துடிக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 90, 100, 110 என்று கொஞ்சம் வேகமாகவே துடிக்கும். ஏனென்றால் வழக்கமாக "மெதுவா, மெதுவா" என்று இழுத்துப் பிடிக்கும் வேகஸ் நரம்பு இப்போது இல்லை. அந்த நரம்பின் பிடியைத் தளர்த்தி நாடியைக் கூட்டுவதற்கு நாங்கள் போடும் அட்ரோபின் ஊசி, மாற்று இதயத்தில் பலிக்காது. பிடியே இல்லாத இடத்தில் எதைத் தளர்த்துவது?

அதாவது இதயத்துக்கு மூளை முதலாளி இல்லை, ஆலோசகர். மாடி ஏறினால் வேகம், தூங்கினால் நிதானம் என்று சொல்லிக் கொடுக்கும். ஆலோசகர் லீவு போட்டால் இதயம் தன் சொந்த வேகத்துக்குத் திரும்பிவிடும்.

அதற்குள்ளேயும் அடுக்கு இருக்கிறது. மேலே உள்ள எஸ்.ஏ. நோடு நின்றுபோனால் நடுவில் உள்ள ஏ.வி. நோடு 40 முதல் 60 என்ற வேகத்தில் எடுத்துக்கொள்ளும். அதுவும் போனால் கீழ் அறைகளே 20 முதல் 40 என்று இழுத்துக்கொண்டு ஓடும். அது போதுமான வேகம் இல்லைதான். ஆனால் ஆஸ்பத்திரி வந்து சேர நேரம் கொடுக்கும்.

உங்கள் தொட்டிக் கன்ட்ரோலர் இந்த மூளை மாதிரி இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அப்படி இல்லை. அது முதலாளியாக உட்கார்ந்திருக்கிறது. அது மயங்கினால் பம்பும் மயங்கும்.

என்ன செய்யலாம்?

இரண்டு பம்ப் இருந்தால் ஒன்றைக் கன்ட்ரோலரிடம் கொடுக்காதீர்கள். இதைச் சொன்னால் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். "அப்புறம் எதுக்கு டாக்டர் அவ்வளவு காசு போட்டு வாங்கினேன்? ரெண்டு பம்பும் மாறி மாறி அடிச்சாதானே அலை அழகா வரும்?" உண்மைதான், அழகு கொஞ்சம் குறையும். ஒரு பம்ப் தன் சொந்த டிரைவர் பெட்டியில், சொந்த அடாப்டரில், நிலையான வேகத்தில் நேரடியாக சுவர் பிளக்கில் ஓடட்டும். இன்னொன்று கன்ட்ரோலர் சொல்படி ஆடட்டும். கடல் நீரோட்டம் மாதிரி ஏற்ற இறக்கம் அந்த ஒன்றிலேயே கிடைத்துவிடும். மீன்களுக்கு வித்தியாசம் தெரிவதாக எனக்குத் தோன்றவில்லை.

இல்லை, இரண்டையும் கொடுத்தே தீருவேன் என்றால், சிக்னல் பூஜ்யமானால் உங்கள் பம்ப் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சில பம்ப் நின்றுவிடும். சில, குறைந்தபட்ச வேகத்தில் ஓடும். சில, கேபிள் இல்லை என்று தெரிந்ததும் தன் பழைய புரோகிராமுக்குத் திரும்பும். கேபிளைப் பிடுங்குவதும், கேபிள் மாட்டியிருக்கும்போது கன்ட்ரோலர் சாவதும் பம்பின் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியலாம். இரண்டையும் சோதியுங்கள்.

கன்ட்ரோலரின் பிளக் பெட்டியிலும் இதற்கு வசதி உண்டு. அபெக்ஸில் ஃபால்பேக் என்று ஒரு வரி இருக்கும். மூளைப் பெட்டியோடு தொடர்பு அறுந்தால் இந்த பிளக் என்ன நிலைக்குப் போக வேண்டும் என்பதற்கான உயில் அது. ரிட்டர்ன் பம்ப்புக்கு ஃபால்பேக் ஆன். ஹீட்டருக்கு ஃபால்பேக் ஆஃப், நம் ஊரில் ஹீட்டர் இல்லாமல் மீன் ஒரு இரவில் சாகாது, ஹீட்டர் நிற்காமல் ஓடினால் செத்துவிடும். இந்த ஒரு வரியைப் பார்க்காமலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, ஆப்பில் "வேவ் 60%" என்று காட்டுவதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்காதீர்கள். அது கன்ட்ரோலர் அனுப்பிய உத்தரவு. பம்ப் சுற்றுகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. ஐ.சி.யூ.வில் சில சமயம் மானிட்டரில் இ.சி.ஜி. கோடு ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும், கழுத்தில் விரல் வைத்தால் நாடி இருக்காது. மின்சாரம் இருக்கிறது, துடிப்பு இல்லை. கோட்டைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும் என்றுதான் ஹவுஸ் சர்ஜன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்போம். தொட்டியில் நாடி பார்ப்பது எப்படி? பம்ப் ஓடும் பிளக் எத்தனை வாட் இழுக்கிறது என்று அளக்கும் பெட்டி இருந்தால் அதற்கு அலாரம் வையுங்கள். வாட் விழுந்தால் பம்ப் நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த வசதி இல்லையா? போகும்போது வரும்போது தண்ணீரின் மேற்பரப்பைப் பாருங்கள். நெளிகிறதா, கண்ணாடி மாதிரி நிற்கிறதா?

இரவு புரோகிராம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவில் கடல் தூங்கும் என்பது கவிதைக்கு நல்லது. தொட்டியில் இரவில்தான் ஆக்சிஜன் குறையும். பகலில் ஆக்சிஜன் விட்ட பாசியும் இருட்டில் மீனோடு போட்டி போட்டு சுவாசிக்கும். விடியற்காலைதான் மிக மோசமான நேரம். இரவில் அலையைக் குறைக்க ஆசைப்பட்டால் கொஞ்சம் குறையுங்கள், மேற்பரப்பு அசைவது மட்டும் நிற்கவே கூடாது.

கன்ட்ரோலரால் எனக்கு உண்மையிலேயே கிடைக்கும் பெரிய லாபம் எது தெரியுமா? தீனி போடும் நேரம். ஒரு பட்டனைத் தட்டினால் அதன் பொறுப்பில் உள்ள பம்ப் பத்து நிமிடம் நின்று, தானாகவே திரும்ப ஓடும். கையால் நிறுத்தினால், போன் வந்து, பேஷன்ட் வந்து, மறந்துபோக எவ்வளவோ வாய்ப்பு. மறக்காமல் இருப்பதில் மெஷின் கெட்டிக்காரன்.

கரண்ட் பாதுகாப்பு. உப்புத் தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கடல் தொட்டி வைக்காதீர்கள். அதற்கு மேல் போகும் கசிவு இதயத்தைத் தாறுமாறாக நடுங்க வைத்துவிடக் கூடும். வயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலே ஏறட்டும், வயர் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆர்.சி.சி.பி. டிரிப் ஆனால் அதில் உள்ள அத்தனையும் நிற்கும். அதனால்தான் இரண்டு பம்பும் வேறு வேறு லைனில் இருப்பது நல்லது. இரண்டு லைனுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. வேண்டும், ஒன்றை அது இல்லாத லைனில் மாட்டிவிடாதீர்கள்.

பவர் கட்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் சில பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மீன் கடையில் பேட்டரி ஏர் பம்ப் கிடைக்கிறது. எப்போதும் சார்ஜில் இருக்கும், கரண்ட் போனதும் தானாகக் குமிழி விடும். இந்த மொத்தப் பட்டியலிலேயே விலை குறைந்த பொருள் அதுதான். முதலில் அதை வாங்குங்கள், கன்ட்ரோலர் அப்புறம்.

நண்பர் வீட்டில் இப்போது மறுபடியும் மீன் விட்டிருக்கிறார். ஒரு பம்ப் நேராக சுவரில். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று. அம்மாவின் இடது கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு காலிங் பெல். பெல் அடித்தால் முதலில் தொட்டியைப் பார்க்க வேண்டும், பிறகுதான் மற்றது. கவனித்துக்கொள்ளும் பெண்ணே போட்ட விதி இது. போன மாதம் அம்மா ஒரு தடவை அடித்திருக்கிறார். பாறைக்குப் பின்னால் ஒரு மீன் ஒளிந்துகொண்டு கண்ணில் படவில்லையாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் இருக்கும்போது, பகலில், கன்ட்ரோலரின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஒரு நாற்காலி போட்டு அரை மணி நேரம் தொட்டி முன்னால் உட்காருங்கள். எது நிற்கிறது, எது ஓடுகிறது, போனில் செய்தி வருகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப மாட்டி, எல்லாம் தானாக எழுந்து வருகிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் பம்ப் மாடல் நம்பரோடு கேளுங்கள். ஓ.பி. முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் பதில் போடுகிறேன். சுகர் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புகிறவர்கள், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எழுதி அனுப்பவும்.